இடிச்ச கோவில், மிஞ்சின காகிதம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடுமானவரை அப்படியே வைத்திருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு குவிஸ் கேள்வியோட ஆரம்பிக்கலாம். சென்ட்ரல் ஸ்டேஷன், ஹைகோர்ட், சாந்தோம் சர்ச். இந்த மூணு கட்டிடத்துல எது வயசுல சின்னது?

என் ஆபீஸ்ல கேட்டப்போ ஒருத்தர்கூட சாந்தோம்னு சொல்லல. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. இயேசுவோட சீடர் தோமா, அவரோட கல்லறை, போர்ச்சுகீசியர், ஐந்நூறு வருஷம், இப்படிக் கேட்டுத்தான் எல்லாரும் வளர்ந்திருக்கோம். ஆனா தேதியைப் பாருங்க. சென்ட்ரல் 1873. ஹைகோர்ட் 1892. இன்னைக்கு நாம பார்க்கிற சாந்தோம் பேராலயம் அர்ச்சிக்கப்பட்டது 1896. மூணுலயும் அதுதான் கடைக்குட்டி.

அப்போ போர்ச்சுகீசியர் கட்டின சாந்தோம் எங்கே போச்சு? அதை 1893-ல இடிச்சுட்டாங்க. படையெடுத்து வந்தவன் யாரும் இடிக்கல, புயலும் அடிக்கல. மறைமாவட்டமே இடிச்சது. அப்போ ஆயரா இருந்த ரீட் டா சில்வா, கல்லறை மேல பெரிசா, அழகா, ஒரு பேராலயத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணு வரணும்னு நினைச்சார். ராயல் இன்ஜினியர்ஸைச் சேர்ந்த கேப்டன் பவர் வரைபடம் போட்டார். 155 அடி உயரக் கோபுரத்தோட ஐரோப்பிய கோத்திக் பாணியில ஒரு வெள்ளைக் கோவில் எழுந்தது. அழகான கோவில், சந்தேகமே இல்ல. ஆனா அது எழும்பணும்னா அதுக்கு முன்னாடி இருந்தது போகணும். 16-ஆம் நூற்றாண்டுல கட்டி, அப்புறம் கூட்டியும் மாத்தியும் வந்த ஒரு கட்டிடம் அப்படித்தான் போச்சு.

இப்போ என் கேள்வி. போன அந்தக் கோவில் எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பயணக் குறிப்புகள் இருக்கு, கையால வரைஞ்ச படங்கள் இருக்கு. ஆனா சுவர்ல எங்கே காரை பேந்திருந்தது, ஜன்னல் எத்தனை, வாசப்படி எந்தப் பக்கம், பக்கத்துல என்ன மரம், இதெல்லாம் ஒரு போட்டோ சொல்ற மாதிரி வேற எதுவும் சொல்லாது. போட்டோகிராஃபின்னு ஒண்ணு இருக்குன்னு உலகத்துக்கு அறிவிச்சது 1839-ல. மெட்ராஸ்ல கேமரா ஓரளவு பரவலா நடமாட ஆரம்பிச்சது 1850-கள்ல. கோவிலை இடிச்சது 1893-ல. அதாவது, கேமராவும் பழைய கோவிலும் ஒரே ஊர்ல சேர்ந்து இருந்தது சுமார் நாப்பது வருஷம்தான். அந்த நாப்பது வருஷத்துல யாரோ எடுத்து, யாரோ பிரிண்ட் போட்டு, யாரோ வாங்கி, யாரோ தூக்கிப் போடாம வெச்சிருந்தா மட்டும்தான் நமக்கு ஒரு சாட்சி உண்டு.

இன்னைக்கு எபிசோட் அந்தச் சாட்சிகளைப் பத்தி. பழைய தேவாலயங்களோட பழைய போட்டோ பிரிண்ட்களைத் தேடிச் சேகரிக்கிறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. தபால்தலை சேகரிக்கிற மாதிரி இதுவும் ஒரு பொழுதுபோக்குன்னு கடந்து போயிடலாம். நான் அப்படிப் பார்க்கல. நம்ம ஊர்ல இது பல கட்டிடங்களோட ஒரே பேக்கப்.

முட்டையும் மெட்ராஸ் வெயிலும்

முதல்ல பிரிண்ட்னா என்னன்னு பார்த்துடலாம். இன்னைக்கு போட்டோன்னா ஒரு ஃபைல். 19-ஆம் நூற்றாண்டுல அது ஒரு பொருள். ஒவ்வொண்ணும் கையால செஞ்சது.

1851-ல இங்கிலாந்துல ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர்னு ஒருத்தர் ஒரு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகடு மேல கொலோடியன்னு ஒரு பிசுபிசுப்பான திரவத்தை ஊத்தணும், வெள்ளி நைட்ரேட் கரைசல்ல முக்கணும், ஈரம் காயறதுக்குள்ள கேமராவுல வெச்சுப் படம் எடுத்து, அதே ஈரத்தோட கழுவிடணும். மொத்தமே சில நிமிஷம்தான். குளிர் நாட்டுலேயே அவ்வளவுதான்னா சித்திரை மாசத்து மெட்ராஸை யோசிச்சுப் பாருங்க. தகடு இன்னும் சீக்கிரம் காயும். அதனால போட்டோகிராஃபர் எங்கே போனாலும் கேமரா, கண்ணாடிப் பெட்டி, ரசாயன பாட்டில்கள், ஒரு இருட்டுக் கூடாரம், இத்தனையும் கூடவே போகணும்.

பிரிண்ட் போடறது அடுத்த கதை. காகிதத்து மேல முட்டையோட வெள்ளைக் கருவையும் உப்பையும் சேர்த்துப் பூசுவாங்க. இதுக்குப் பேர் ஆல்புமன் பிரிண்ட். 1850-ல பிரான்ஸ்ல வந்த முறை, 1890-கள் வரைக்கும் இதுதான் ராஜா. ஐரோப்பாவுல இந்தக் காகிதம் செய்யற தொழிற்சாலைகள்ல ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல முட்டை உடைச்சாங்க. அந்தக் காகிதத்துல வெள்ளி நைட்ரேட் ஏத்தி, கண்ணாடி நெகட்டிவை அது மேல வெச்சு, வெயில்ல காட்டணும். படம் வெயில்லயே மெதுவா எழும்பி வரும். இதுக்கு மட்டும் மெட்ராஸ் வெயில் நல்லா உதவி செஞ்சது!

இந்த வேலையோட விளைவு படத்துல தெரியும். அதைத் தெரிஞ்சுக்காம பார்த்தா தப்பான வரலாறு சொல்லிடுவோம். ரெண்டு உதாரணம்.

ஒண்ணு, வானம். அந்த ரசாயனத்துக்கு நீல ஒளின்னா ரொம்பப் பிடிக்கும். அதனால வானம் எப்பவும் வெளுத்துப் போய், மேகமே இல்லாம இருக்கும். அன்னைக்கு மழை வந்துச்சா, மப்பா இருந்துச்சான்னு படத்தை வெச்சு முடிவு பண்ண முடியாது.

ரெண்டு, மனுஷங்க. படம் பதிய சில வினாடிகளாவது ஆகும். நடந்து போறவங்க பதிய மாட்டாங்க, இல்லைன்னா புகை மாதிரி ஒரு கறை விழும். அதனாலதான் பழைய படங்கள்ல கோவிலும் தெருவும் ஆள் அரவமே இல்லாம இருக்கும். 'அந்தக் காலத்துல ஊர் எவ்வளவு அமைதியா இருந்துச்சு பாரு'ன்னு ஃபார்வர்டு பண்றோமே, அங்கே கூட்டம் இருந்திருக்கலாம். கேமரா அவங்களை விட்டுடுச்சு.

கட்டிடங்களை அவ்வளவு ஆசையா எடுத்ததுக்கும் இதுவே ஒரு காரணம். கட்டிடம் அசையாது.

யார் எடுத்தாங்க, யார் வாங்கினாங்க

மெட்ராஸை முதல்ல விரிவா எடுத்தவங்கள்ல ஒருத்தர் ஃபிரெடெரிக் ஃபீபிக். கல்கத்தாவுல கல்லச்சு ஓவியம் செஞ்சுக்கிட்டிருந்தவர். 1850-களோட தொடக்கத்துல கல்கத்தா, மெட்ராஸ், இலங்கைன்னு சுத்தி எடுத்தார். அவர் போட்டது ஆல்புமனுக்கு முந்தின உப்புக் காகித பிரிண்ட். அது மேல கையால வண்ணம் தீட்டினார். 1856-ல கிழக்கிந்தியக் கம்பெனி அவர்கிட்ட சுமார் 500 படங்களை வாங்கிச்சு. அவை இன்னைக்கு லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. அதுல மெட்ராஸ் தேவாலயங்களும் உண்டு. கேதீட்ரல் ரோட்டுக்குப் பேர் கொடுத்த செயின்ட் ஜார்ஜ் பேராலயம் 1815-ல கட்டினது. எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல இருக்கிற, வட்டக் கூரை போட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் 1821-ல திறந்தது. ஃபீபிக் வந்தப்போ ரெண்டுமே முப்பது நாப்பது வயசுக் கட்டிடங்கள். நமக்குப் பழமை, அவருக்கு அவை ஊரோட புதுப் பெருமைகள். படத்துல தெரியற நிறங்களை மட்டும் நம்பிடாதீங்க. அது கேமரா பார்த்த நிறம் இல்ல, தூரிகை போட்ட நிறம்.

அடுத்து லின்னேயஸ் ட்ரைப். மெட்ராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராஃபரா 1856-ல நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரி. ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்னு பெரிய பெரிய காகித நெகட்டிவ்கள்ல எடுத்தார். தஞ்சைப் பெரிய கோவில் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினவர் அவர். கொஞ்ச நாள்லயே கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெலியன் செலவு ஜாஸ்தின்னு அந்த வேலையை நிறுத்திட்டார். ட்ரைப் பெரும்பாலும் எடுத்தது கோயில்கள், அரண்மனைகள், கோட்டைகள். அரசாங்கம் 'பழமை'ன்னு நினைச்சது அதைத்தான்.

அதனால தேவாலயங்களை எடுக்கிற வேலை பெரும்பாலும் கடை வெச்சு வியாபாரம் பண்ண ஸ்டூடியோக்கள் கைக்கு வந்தது. 1850-களோட கடைசியில தொடங்கின நிக்கோலஸ் அண்ட் கோ, 1880-கள்ல வந்த வீலி அண்ட் க்ளைன், இந்தப் பேர்கள் சேகரிக்கிறவங்களுக்கு மனப்பாடம். வாங்கினது யாரு? இங்கே வேலைக்கு வந்த ஆங்கிலேயர்கள். ஊருக்குத் திரும்பும்போது ஒரு ஆல்பம் கொண்டு போவாங்க. நாங்க ஞாயிற்றுக்கிழமை போன சர்ச் இது, எங்க கல்யாணம் நடந்தது இங்கே, எங்க குழந்தையைப் புதைச்சது இந்தத் தோட்டத்துல. அவங்களுக்கு அது குடும்ப ஞாபகம்.

இந்த ஒரு விஷயம் ரெண்டு விளைவுகளைக் கொண்டு வந்தது. மெட்ராஸ் தேவாலயங்களோட நல்ல பிரிண்ட்கள் நிறைய கடல் தாண்டிப் போச்சு. அப்புறம், வெள்ளைக்காரங்க கும்பிட்ட கோவில்களுக்கு நிறைய படம் கிடைச்சது. குப்பத்து மாதா கோவிலுக்கும், கிராமத்து ஓலைக்கூரை ஜெபக்கூடத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்ல. அவங்களைக் கொஞ்சமாவது எடுத்தவங்க மிஷனரிகள். தரங்கம்பாடியில ஆரம்பிச்ச லூத்தரன் ஊழியத்தோட தொடர்ச்சியா வந்த லைப்சிக் மிஷன், சுவிட்சர்லாந்தோட பாசல் மிஷன், ரெண்டு பேருமே தங்களோட படங்களைப் பாதுகாத்து இணையத்துலயும் போட்டிருக்காங்க. உங்க பாட்டி ஊர்ல பழைய லூத்தரன் கோவில் இருந்தா ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடிப் பாருங்க.

கையில ஒரு பிரிண்ட் கிடைச்சா

சரி, நமக்கு எங்கே கிடைக்கும்? ஒரு காலத்துல மூர் மார்க்கெட். 1985 தீ விபத்தோட அந்தக் கதை முடிஞ்சது. என் வீடு திருமுடிவாக்கம். எங்களுக்குப் பக்கத்துல இருக்கிறது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. அனகாபுத்தூர், பம்மல் வழியா போனா பைக்ல சீக்கிரம் போயிடலாம். செடி, கருவாடு, செகண்ட் ஹேண்ட் மிக்ஸி, ஓடாத கேமரா, ரேடியோ, எல்லாம் இருக்கும். பழைய சாமான் பரப்பியிருக்கிற பக்கத்துல அப்பப்போ பழைய போட்டோவும் வரும்.

அங்கே வாங்கினாலும் இணைய ஏலத்துல வாங்கினாலும் மூணு சோதனை செய்யுங்க.

முதல்ல காகிதம். ஆல்புமன் காகிதம் ரொம்ப மெல்லிசு, தானா சுருண்டுக்கும். அதனால கெட்டி அட்டையில ஒட்டியிருப்பாங்க. லேசான பளபளப்பு, பழுப்பு நிறம், வெளிச்சப் பகுதிகள்ல மஞ்சள். பத்து மடங்கு பெரிசாக் காட்டுற லென்ஸ்ல பார்த்தா மேற்பரப்புல முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள். உப்புக் காகித பிரிண்ட்னா பளபளப்பே இருக்காது, படம் காகித நாருக்குள்ளயே ஊறியிருக்கும். கறுப்பான இடங்கள்ல ஓரத்துல வெள்ளி மினுக்கு தெரிஞ்சா, பெரும்பாலும் 1890-களுக்கு அப்புறம் வந்த ஜெலட்டின் பிரிண்ட்.

ரெண்டாவது, புள்ளி. லென்ஸ்ல வரிசை வரிசையா புள்ளிகள் தெரிஞ்சா அது போட்டோ பிரிண்ட் இல்ல, அச்சு இயந்திரத்துல அடிச்சது. பழைய புத்தகத்துலேருந்து கிழிச்ச பக்கமா இருக்கலாம். போஸ்ட் கார்டும் பெரும்பாலும் அச்சுதான். ஹிக்கின்பாதம்ஸ் உட்பட பலர் மெட்ராஸ் காட்சிகளை கார்டா வெளியிட்டாங்க. அச்சுன்னா மதிப்பில்லைன்னு அர்த்தம் இல்ல. சொல்லப்போனா ஆரம்பிக்கிறவங்களுக்கு கார்டுதான் நல்லது, விலை கட்டுப்படியாகும். பின்பக்கத்துல முகவரிக்கும் செய்திக்கும் நடுவுல கோடு இருக்கான்னு பாருங்க. இங்கிலாந்துல அப்படி ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுத அனுமதி வந்தது 1902-ல. கோடு இல்லாத கார்டு பெரும்பாலும் இன்னும் பழசு.

மூணாவது, படத்துக்குள்ள இருக்கிற தடயம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, பக்கா டீபக்கிங். சாந்தோம்னு எழுதியிருக்கு, ஒரு பெரிய ஊசிக் கோபுரமும் கல்லறைக்கு மேல ஒரு சின்னக் கோபுரமும் தெரியுதா? 1896-ஐ ஒட்டியோ அதுக்கப்புறமோ எடுத்தது. ரோட்டுல டிராம் தண்டவாளமா? மெட்ராஸ்ல டிராம் ஓட ஆரம்பிச்சது 1895-ல, நின்னது 1953-ல. படம் இடம் வலமா மாறியிருக்கான்னும் பாருங்க. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வெச்சுட்டா கோவிலே கண்ணாடியில பார்த்த மாதிரி பிரிண்ட் ஆயிடும். நேர்ல போய் நின்னு ஒப்பிட்டாதான் அது பிடிபடும்.

அப்புறம் திருப்பிப் பாருங்க. முன்பக்கம் அழகு, பின்பக்கம்தான் வரலாறு. ஸ்டூடியோ முத்திரை, பென்சில்ல ஒரு பேர், ஒரு வருஷம், இது இருந்தா அந்தக் காகிதத்துக்குப் பேச்சு வரும்.

பேர் இல்லாத கோவில்

பல்லாவரம் சந்தையில ஒரு தடவை ஒரு பெரிய மரச்சட்டம் பார்த்தேன். உள்ளே ஒரு கோவில் முகப்பு, முன்னாடி மூணு வரிசையா ஜனங்க. நடுவுல தாடி வெச்ச வெள்ளைக்காரச் சாமியார், கீழே தரையில உட்கார்ந்த சின்னப் பசங்க, ஓரத்துல பேண்ட் வாத்தியக்காரங்க. பார்த்தாலே தெரியுது, அர்ச்சிப்போ யூபிலியோ, ஏதோ ஒரு பெரிய நாள்.

"அண்ணே, இது எந்த ஊர் கோவில்?"

"தெரியாது தம்பி. வீடு காலி பண்ண இடத்துல லாட்டா எடுத்தது. பிரேம் தேக்கு, முந்நூறு. படம் வேணும்னா சேர்த்தே எடுத்துக்கோ, இல்லைன்னா உருவிட்டுத் தரேன்."

பின்பக்க அட்டையைக் கரையான் அரிச்சிருந்தது. ஸ்டூடியோ முத்திரை இருந்த மூலை கிழிஞ்சிருந்தது. வாங்கிட்டேன். முகப்பு வளைவு, சிலுவை வடிவம், சாமியாரோட அங்கி, எல்லாத்தையும் வெச்சு யார் யார்கிட்டயோ காட்டிப் பார்த்தாச்சு. இன்னைக்கு வரைக்கும் எந்த ஊர்னு தெரியல. அந்தக் கோவில் இப்பவும் நிக்குதா, இடிச்சு வேற கட்டிட்டாங்களா, அதுவும் தெரியல. அத்தனை பேரும் அந்த ஒரு நாளுக்காக வெள்ளைச் சட்டை போட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அவங்க ஊரைச் சொல்ல ஒரு வரி பென்சில் எழுத்து போதும். அது இல்ல.

இதே விஷயம் மேல்தட்டுச் சந்தையில வேற மாதிரி நடக்குது. ஒரு 19-ஆம் நூற்றாண்டு ஆல்பம் ஏலத்துக்கு வரும். அறுபது எழுபது படம், ஒருத்தர் வாழ்ந்த வரிசையில ஒட்டினது. முழு ஆல்பத்துக்கு வாங்க ஆள் கொஞ்சம்தான். அதனால வியாபாரிகள்ல சிலர் பக்கம் பக்கமா பிரிச்சு, சர்ச் படம் ஒருத்தருக்கு, பாலம் ஒருத்தருக்கு, யானை ஒருத்தருக்குன்னு விப்பாங்க. லாபம் ஜாஸ்தி. ஆனா எந்தப் படத்துக்குப் பக்கத்துல எது இருந்தது, யாரோட ஆல்பம், எந்த வருஷம் கிளம்பிப் போனாங்க, எல்லாம் போச்சு. எங்க வேலையில சொல்லணும்னா, ஃபைலை மட்டும் வெச்சுக்கிட்டு கிட் ஹிஸ்டரி முழுக்க அழிச்ச மாதிரி. கோடு ஓடும். ஏன் அப்படி எழுதினாங்கன்னு சொல்ல ஆள் இருக்காது.

அதனால சேகரிப்புல நான் ஒரு விதி வெச்சிருக்கேன். பிரிச்ச ஆல்பத்துலேருந்து வந்ததுன்னு தெரிஞ்சா வாங்கறதில்ல. நாம வாங்க வாங்கத்தான் அடுத்த ஆல்பமும் பிரியும்.

நம்ம பக்கத்துக் கோவில்கள்

இது பழங்கதை இல்ல. சாந்தோம்ல 1893-ல நடந்தது நம்ம பங்குகள்ல இப்பவும் நடந்துக்கிட்டேதான் இருக்கு.

நம்ம தென்சென்னைப் பக்கமே பாருங்க. பரங்கிமலை, கத்தோலிக்கர்களுக்கு அது பெரியமலை. உச்சியில போர்ச்சுகீசியர் காலத்துக் கோவில், 1547-ல கண்டெடுத்த பழைய பஹ்லவி எழுத்துச் சிலுவை, 18-ஆம் நூற்றாண்டுல ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் போட்ட படிக்கட்டு. மலை அப்படியே இருக்கறதால கோவிலும் அப்படியே இருக்குன்னு நினைக்கிறோம். மலையைச் சுத்தி இருந்த வெளி, ரோடு, மரங்கள், அடிவாரத்து வீடுகள், அதெல்லாம் பழைய பிரிண்ட்லதான் தேடணும். சைதாப்பேட்டைக்குப் பக்கத்துல சின்னமலையில போர்ச்சுகீசியர் கட்டின சின்னக் கோவிலை இடிக்காம விட்டு, பக்கத்துலயே 1970-களோட தொடக்கத்துல வட்டமா ஒரு புதுக் கோவில் கட்டினாங்க. பெருகற ஜனத்துக்கு இடம் வேணும், அதே நேரம் பழசும் வேணும்னா அப்படியும் ஒரு வழி உண்டு. வேளாங்கண்ணியில பழைய கோவிலைத் தொடர்ந்து நீட்டி, 1970-கள்ல பின்பக்கம் பெரிசா சேர்த்தாங்க. அங்கே ஒவ்வொரு காலத்துப் படமும் ஒரு வெர்ஷன்.

தனுஷ்கோடியை எல்லாருக்கும் தெரியும். 1964 டிசம்பர் புயல்ல சிதைஞ்ச தேவாலயம். ராமேஸ்வரம் டிரிப் போன எல்லார் போன்லயும் அந்தக் கூரையில்லாத சுவர் இருக்கும். அதே சுவருக்குக் கூரை இருந்த காலத்துப் படம் எத்தனை பேர் பார்த்திருக்கோம்? உங்க வீட்டுல ரயில்வே, துறைமுகம், தபால் ஆபீஸ்னு தனுஷ்கோடியில வேலை பார்த்த தாத்தா யாராவது இருந்திருந்தா, இன்னைக்கே அந்த டிரங்குப் பெட்டியைத் திறங்க.

பங்குகள்ல புதுக் கோவில் கட்டறதைக் குறை சொல்ல நான் இங்கே வரல. ஓடு ஒழுகுது, சுவர் விரியுது, ஜனம் ரோட்டுல நின்னு பூசை பாக்குது, கட்டத்தான் செய்வாங்க. காசு போடறவங்க கும்பிட வர்றவங்க, முடிவும் அவங்களோடது. ஆனா இடிக்கிறதுக்கு முந்தின வாரம் நாலு பக்கமும் படம் எடுத்து, கோவில் ஆபீஸ் அலமாரியில இருக்கிற பழைய சட்டங்களை ஒரு வீட்டுல பத்திரமா வெச்சா என்ன குறைஞ்சிடும்? எனக்குத் தெரிஞ்ச ஒரு பங்குல, பேர் வேண்டாம், புதுக் கோவில் வேலை நடந்தப்போ பழைய ஆபீஸ்ல மாட்டியிருந்த சட்டங்களெல்லாம் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னாடி ஒரு மழைக்காலம் முழுக்க கிடந்துச்சு. ஜெலட்டின் பிரிண்ட் தண்ணியில நனைஞ்சா கண்ணாடியோட ஒட்டிக்கும். உரிச்சா முகம் உரிஞ்சு வரும். மிஞ்சினது வெறும் சட்டம்.

செய்யக்கூடிய சில வேலைகள்

கடைசியா, காசு பெரிசா செலவழிக்காம நாம செய்யக்கூடியது என்ன?

தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் நூற்றாண்டு விழா மலர், யூபிலி மலர். ஒவ்வொரு பழைய கோவிலுக்கும் ஒண்ணாவது இருக்கும். அதுல பழைய படம் மங்கலா அச்சாகியிருக்கும். அந்த அச்சுக்கு மூலமான பிரிண்ட் யார் வீட்டுல இருந்து வந்துச்சுன்னு கேளுங்க. பழைய உபதேசியார் குடும்பம், பாடகர் குழுத் தாத்தா, கல்யாண போட்டோ எடுத்த ஸ்டூடியோக்காரர். இவங்கதான் உங்க ஆர்க்கைவ்.

கிடைச்சா ஸ்கேன் பண்ணுங்க. 600 டிபிஐ, டிஃப் ஃபைல். முன்பக்கம் மட்டும் போதாது; பின்பக்கம், அட்டை, ஓரம் எல்லாம் வேணும். ஃபைல் பேர்லயே ஊர், கோவில், உத்தேச வருஷம், யார் கொடுத்தது எல்லாம் வரட்டும். உறுதியா தெரியாத இடத்துல கேள்விக்குறி போடுங்க, யூகத்தை உண்மை மாதிரி எழுதாதீங்க. அசல் பிரிண்ட்ல எழுதணும்னா பின்பக்கம், ஓரத்துல, மெல்லிசா பென்சில்ல மட்டும். பேனா ஊறி முன்னாடி வந்துடும்.

செய்யவே கூடாத மூணு: லேமினேஷன், செலோடேப், அப்புறம் தொண்ணூறுகள்ல கல்யாண வீடுகளுக்கு வந்த அந்த ஒட்டுற பக்க ஆல்பம். ஒட்டின படத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது. அமிலமில்லாத காகித உறை, வெயில் படாத சுவர், ஈரமில்லாத அலமாரி, இது போதும். வெள்ளிமீன் பூச்சி பசையைத் தின்ன வரும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்க.

உரிமை பத்திக் கேட்பீங்க. 19-ஆம் நூற்றாண்டு படங்களுக்கு இங்கே காப்புரிமைக் காலம் என்னைக்கோ முடிஞ்சாச்சு. ஆனா நூறு வருஷம் தாண்டின கலைப்பொருளை அனுமதி இல்லாம வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டம் தடை போடுது. அதனால வித்து வெளிநாட்டுக்கு அனுப்பற எண்ணம் இருந்தா முதல்ல அதைப் படிச்சுட்டு வாங்க.

எல்லாத்துக்கும் மேல, அசலை யார் வீட்டுலேருந்தும் பிடுங்காதீங்க. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைப் பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட டிஜிட்டல் ஆக்கினாங்க. அந்த உதவித் திட்டத்தோட அடிப்படை விதியே அசல் நாட்டை விட்டு வெளிய போகக் கூடாதுங்கறதுதான். பிரதி மட்டும் பயணம் போகும். ஃபீபிக் காலத்துல அசலே கப்பலேறிச்சு. இன்னைக்கு அப்படி ஆகணும்னு எந்த அவசியமும் இல்ல. ஒரு பிரதி உங்க டிரைவ்ல, ஒரு பிரதி பங்கு ஆபீஸ்ல, அசல் அந்தப் பாட்டி வீட்டுச் சுவர்லயே.

இந்த வாரம் ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்க வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ கோவில் வாசல்ல எடுத்த ஒரு பழைய படம் கட்டாயம் இருக்கும். ஞானஸ்நானமோ, புதுநன்மையோ, கல்யாணமோ. நீங்க கிறிஸ்தவர் இல்லைன்னா மிஷன் ஸ்கூல்ல படிச்ச அம்மாவோட குரூப் போட்டோ. அதை எடுங்க, பெரியவங்க பக்கத்துல உட்காருங்க, பின்னாடி தெரியற கட்டிடம் எது, எந்த வருஷம், அது இப்போ இருக்கான்னு கேளுங்க. கேட்டதை அன்னைக்கே பின்பக்கத்துல பென்சில்ல எழுதிடுங்க. அவங்க ஞாபகம் இருக்கறப்பவே.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வணக்கம்.